கந்தகத்துக்குப் பக்கத்தில் யார்

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் சங்கமித்ரா நுண்ணோக்கியில் குனிவாள். ஏப்ரல் வெயிலிலும் அப்படித்தான். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய். அதில் உப்புத் தூள் போலப் படிகங்கள். ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் புரட்டுவாள், பேசுவாள். "நீங்க ரெண்டு பேரு ஒட்டிக்கினு கீறீங்க. சும்னே என் டைம வேஸ்ட் பண்ணாதீங்க." தேறியதை முடியைவிட மெல்லிய கண்ணாடி இழையின் நுனியில் பசை தொட்டு ஒட்டும்வரை மூச்சை அடக்கிக்கொள்வாள். எட்டிப் பார்க்க வருபவர் யாரானாலும் இடது கை நீண்டு தடுக்கும்.

வயது முப்பத்து நான்கு. மர்ஃபி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். அப்பா கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் பெட்டி கழுவியவர். பி.எஸ்சி. முடித்து இந்த ஆய்வகத்தில் எக்ஸ்ரே எந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வந்து ஒன்பது வருடம். வேலை இன்னும் கான்ட்ராக்ட்தான். அவள் அளந்து கொடுத்த படிகங்கள் நூற்றைம்பதுக்கு மேல். கட்டுரைகளின் கடைசி வரியில் நன்றி சொல்லியிருப்பார்கள், சிலவற்றில் அவள் பெயரைத் தப்பாக எழுதி.

தொண்ணூற்றேழு ஆகஸ்டில் கோதண்டராமன் ஒரு சின்னக் குப்பியோடு வந்தார். நகரத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் பேராசிரியர். அவர் தயாரித்தது ஐந்து அணு வளையம்: ஒரு கந்தகம், ஒரு நைட்ரஜன், மூன்று கார்பன். கந்தகத்தை ஒட்டியே நைட்ரஜன் இருக்கிறது, ஆகவே இது ஐசோதயசோல், இந்த வழியில் யாரும் செய்ததில்லை என்பது அவர் கட்சி. கட்டுரையும் எழுதி வைத்துவிட்டார். எந்த அணு எங்கே என்று காட்டும் எக்ஸ்ரே படம் ஒன்றுதான் பாக்கி.

நாலு நாள் எந்திரம் ஓடியது. இடையில் இரண்டு தடவை கரன்ட் போயிற்று; இரண்டு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கணினி வரைந்த படத்தில் கந்தகத்தை ஒட்டி இருந்தது கார்பன். நைட்ரஜன் அதற்கும் அடுத்த இடத்தில். அப்படியானால் இது வெறும் தயசோல். எல்லோரும் எப்போதோ செய்து முடித்தது.

"படிகம் சரியில்ல. வேற எடு," என்றார் கோதண்டராமன்.

எடுத்தாள். அதுவும் அதையே சொன்னது. அவர் கேட்காமலே மூன்றாவதையும் எடுத்தாள்.

அவர் விடவில்லை. ஆய்வகத் தலைவர் ஜெயராமனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "இங்க பாரும்மா. எக்ஸ்ரேவுக்குக் கார்பனும் நைட்ரஜனும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரே ஒரு எலக்ட்ரான் வித்தியாசம். ரெண்டு பேரையும் மாத்திப் போடு, முடிஞ்சுது."

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. அதுதான் அவளுக்குக் கோபம் மூட்டியது.

"மாத்திப் போட்டுட்டேன் சார், நேத்தே. பிழை நாலு பர்சென்ட்லருந்து அஞ்சரைக்கு ஏறுது." திரையில் கந்தகத்துக்குப் பக்கத்து அணுவின் மேல் விரல் வைத்தாள். அதை ஒட்டி ஒரு சிறு மேடு. "இது ஹைட்ரஜன். நான் வைக்கல, தானா வந்திருக்கு, மூணு படிகத்துலயும். உங்க நைட்ரஜனுக்கு ஹைட்ரஜன் கிடையாதுன்னு உங்க பேப்பர்லயே எழுதிருக்கீங்க. அப்ப இது யாரு?"

கோதண்டராமன் ஜெயராமனைப் பார்த்தார். ஜெயராமன் ஜன்னலைப் பார்த்தார்.

"சங்கமித்ரா," என்றார் ஜெயராமன் மெதுவாக. "உன் கான்ட்ராக்ட் ரின்யூவல் மார்ச்ல என் டேபிளுக்குத்தான் வரும்."

வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான்.

"வரட்டும் சார். அதுக்காக அணு எடம் மாறுமா?"

கோதண்டராமன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். டைப் அடித்த அறிக்கை. ஐசோதயசோல் என்று பெரிய எழுத்தில் தலைப்பு. அடியில் 'அளவீடு செய்தவர்' என்ற கோட்டுக்கு மேலே இடம் காலியாக இருந்தது. "கையெழுத்து மட்டும் போடும்மா. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

சங்கமித்ரா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒரு வரி விடாமல் படித்தாள். ஜெயராமனிடம் கை நீட்டி அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாள். தலைப்பில் 'ஐசோ'வை மட்டும் ஒரே கோட்டில் அடித்தாள். கீழே வந்து, ஒரு எழுத்தும் குறையாமல், தன் முழுப் பெயரையும் எழுதினாள்.