பக்கத்து வீட்டுக்கு ஒரு பை

நிவாரணப் பை கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் முதல் நாள் தோள்பட்டை வலிக்கும். இரண்டாம் நாளிலிருந்து வேறு எங்கோ வலிக்கும். ஊரடங்கு மாசங்களில் என்னைப் போல வண்டியில் அரிசியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவர்கள் இதைப் படித்தால், "ஆமாலே, நமக்கும் இதே கூத்துதான்" என்பார்கள்.

வண்ணார்பேட்டையில் கல்யாணம் நடக்காமல் பூட்டிக்கிடந்த ஒரு மண்டபத்தைக் கேட்டு வாங்கி, நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து இந்த வேலையை நடத்தினோம். எனக்குச் சத்தமாகப் பேச வராது. அதனாலேயே உதவி கேட்டு வருகிற போனை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். பையைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் தலையில்தான் விழுந்தது.

கண்ணாடி துடைத்தவர்

முதல் போன் பாளையங்கோட்டையிலிருந்து. "நமக்கில்ல தம்பி. பக்கத்து வீட்டுல ஒருத்தர் ஸ்கூல் வேன் ஓட்டுதவரு. பள்ளிக்கூடத்தப் பூட்டிட்டாங்கல்லா, சம்பளம் நின்னு போச்சு. ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு." தன் வீட்டு நம்பரை அடையாளமாகச் சொன்னார். நானும் அவர் சொன்னபடியே அதற்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வந்தார். "எனக்கு எதுக்குப்பா? பென்ஷன் வருதே" என்றார். "வேன் ஓட்டுறவர் வீடு இது இல்லையா சார்?" என்று, என் ஆயுசில் இல்லாத சத்தத்தில் கேட்டேன்.

அடுத்த வாசலில் ஒரு மஞ்சள் வேன் நின்றது. ஒருவர் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒரு தூசியும் இல்லை. திரும்பாமல் துடைத்துக்கொண்டே இருந்தார். வாத்தியார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையை வாங்கித் தன் வீட்டுக்குள் வைத்தார். பிறகு மெள்ள, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நான் குடுத்துக்கிடுதேன். நீங்க அந்தப் பக்கம் பாக்காம வண்டிய எடுங்க தம்பி."

போட்டோ

டவுணில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் நூறு குடும்பத்துக்குப் பொறுப்பேற்றார். நல்ல மனுஷன். ஒரே ஒரு நிபந்தனை: பை வாங்குகிறவர்களைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

மேலப்பாளையத்தில் ஒரு அம்மா. பீடி சுற்றுகிறவர். கம்பெனியிலிருந்து இலை வராததால் முறம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. போட்டோ என்று சொல்லாமல் செல்போனை மட்டும் கையில் எடுத்தேன். அவரே செல்போனைப் பார்த்துவிட்டு, மாஸ்க்கைக் கண்ணுக்குக் கீழே வரை ஏற்றி, முக்காட்டை நெற்றிக்கு இறக்கிவிட்டு, "இப்ப எடு வாப்பா" என்று நிமிர்ந்து நின்றார். சேதி எப்படியோ பரவி, அந்தத் தெருவில் எல்லாரும் அப்படியே நின்றார்கள். நானும் வைரஸுக்குப் பயந்து மூக்குவரை மூடியிருந்தேன்.

சாயங்காலம் அண்ணாச்சி போன் செய்தார். "என்னவே இது? யாரு குடுக்கா, யாரு வாங்குதான்னே தெரியலயே!"

அதோடு போட்டோவை விட்டுவிட்டார்.

நானும் தேறிவிட்டேன்

இரண்டு மாசத்தில் எனக்கு எல்லாம் அத்துப்படி. தனக்கென்று யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்து வீடு, எதுத்த வீடு, மாடி வீடு, ஒண்ணுவிட்ட மச்சான். நானும் சிரிக்காமல், "அவுக வீட்டுல எத்தன பேரு?" என்று கேட்டு, பேசுகிறவர் வீட்டிலேயே கொண்டு வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். ஒரு பெரியவர் மட்டும் பாதியில் தடுமாறினார்: "சுகர் மாத்திரையும் தீந்துபோச்சு தம்பி, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு நான்... அவுக, அவுக போடுதாக."

எதுத்த வீடு

டவுணில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. ரெண்டு எட்டு வைத்தால் எதிர் வீட்டுப் படி. அந்தச் சந்திலிருந்து செல்வி என்று ஒரு அக்கா போனில் பேசினார். "எதுத்த வீட்டுல சுப்பையாண்ணன், தவில் வாசிக்கிறவரு. கல்யாணமும் இல்ல, கோயில் கொடையும் இல்ல. மக நெறமாசமா வந்திருக்கா. அந்தப் பிள்ளைக்கும் கஞ்சித்தண்ணிதான் ஓடுது. சீக்கிரம் வாங்க." உங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்றேன். ஆட்டோ என்றார். ஆட்டோ ஓடி எத்தனை நாள் ஆயிற்று! நமக்குத் தெரியாததா?

பையைச் செல்வி அக்கா வாசலில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். பின்னாலிருந்து, "தம்பி! ஏ தம்பி! நில்லுங்க!" என்று கூப்பிட்டார். பாவம், கூச்சப்படுகிறார் என்று இன்னும் வேகமாகப் போனேன். என் நாகரிகத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் அவரே மறுபடி பேசினார். "இங்கன ஒரு பிள்ளத்தாச்சி காஞ்சுபோய்க் கெடக்கா. உங்களுக்குக் காது கேக்குமா, கேக்காதா?"

ரெண்டு எட்டு

ஓடினேன். பை செல்வி அக்கா வீட்டு மூலையில் இருந்தது. எறும்பு ஏறாமல் வாயைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். "நீங்களே குடுத்திருக்கலாமேக்கா" என்றேன். "குழாயடிச் சண்டை. ரெண்டு வருசமா பேச்சு கெடையாது. நான் நீட்டுனா அவரு வாங்குவாரா? அதுக்குத்தான உங்களக் கூப்பிட்டது." பேசிக்கொண்டே அடுப்பிலிருந்து எதையோ இறக்கினார். எட்டிப் பார்த்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு அந்த வீட்டில் ரெண்டு டம்ளர் வரக்காப்பி. அரிசிப் பை மூன்று நாளாக நாலடி தூரத்தில் கட்டுப் பிரிக்காமல் இருந்திருக்கிறது. எதிர் வீட்டிலும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

தூக்கிக்கொண்டு எதிர்ப் படி ஏறினேன். சுப்பையா அண்ணாச்சி வாசல்நிலையில் நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் "யாரு குடுத்தா?" என்று கேட்டார். "மண்டபத்துல இருந்து, அண்ணாச்சி." பையை வாங்கிக் கயிற்றை அவிழ்த்தார். அவர் சம்சாரம் அரிசி புடைக்கிற சொளவைக் கொண்டுவந்தார். அண்ணாச்சி பாதி அரிசியை அதில் தட்டி, பருப்பையும் எண்ணெயையும் பையிலேயே விட்டு, அதே கயிற்றால் கட்டி என்னிடம் நீட்டினார். "அங்கன குடுத்துருங்க. ஆட்டோவும் ஓடல்லல்லா. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்." தவில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். சந்து முழுக்கக் கேட்டது.

செல்வி அக்கா வாசலிலேயே நின்றுகொண்டு, "யாரு குடுத்தா தம்பி?" என்றார். மண்டபத்துல இருந்து என்றேன். வாங்கிக்கொண்டார். அவிழ்த்துப் பார்த்தார். பருப்பையும் எண்ணெயையும் எடுத்து என் கையில் திணித்தார்.

"இது அந்தப் பிள்ளைக்கு. வலி எடுத்தா நேரங்காலம் பாக்காம கதவத் தட்டச் சொல்லுங்க, இவுக ஆட்டோவ எடுப்பாக. போலீஸ்காரன் நிறுத்துனா நான் கூட வந்து பேசிக்கிடுதேன். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

மறுநாள் இரண்டு பையாகக் கொண்டுபோனேன் என்பது இருக்கட்டும். பாளையங்கோட்டை, மேலப்பாளையம், டவுண் என்று அந்த மாசங்களில் எத்தனையோ மைல் வண்டி ஓட்டியிருந்தும், கால் வலிக்கிறது என்று நான் வீட்டில் வந்து படுத்தது அந்த ரெண்டு எட்டுச் சந்துக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்த அன்றைக்கு மட்டும்தான்.