கவிழ்த்து வைத்த டிரம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும், நடுவில் மறந்தும் போகும். படிக்கிறவர்கள் கோபிக்கக் கூடாது.

இலங்கையில் மலைத்தோட்டத்தில் பிறந்தேன். கலியாணத்துக்கு முன்னாலேயே எங்கள் ஆட்களோடு நிக்கோபாரில் இருக்கிற கச்சால் தீவுக்கு ரப்பர் வெட்ட வந்துவிட்டேன். வீட்டுக்காரரை அடக்கம் செய்ததும் அங்கேதான். போன வருஷம் மகன் என்னைக் கப்பலில் போர்ட் பிளேருக்குக் கூட்டிவந்தான். "இதுவும் நம்ம அந்தமான்தாம்மா" என்றான். எனக்கு வேற்று நாட்டில் இறங்கினது மாதிரிதான் இருந்தது.

அங்கே டாலிகஞ்சில் வாடகை வீடு. அது கிடைக்க அவன் இரண்டு மாதம் ஸ்கூட்டரில் அலைந்திருக்கிறான். வயசானவர் இருக்கிறார் என்றதும் இரண்டு இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதை மருமகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து நான் இருமினால்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் இருமினேன்.

ஒரே முற்றத்தில் மூன்று வீடு. முன்னால் வீட்டுச் சொந்தக்காரி, வங்காளி அம்மா. பக்கத்தில் ஒரு தெலுங்குப் பெண்ணும் அவள் புருஷனும். பின்னால் நாங்கள். நான் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டேன்.

"வெளியில கொஞ்சம் உக்காருங்க மாமி. யாரும் கடிச்சித் திங்க மாட்டாங்க" என்பாள் மருமகள்.

என்னோடு பேசினது அந்தத் தெலுங்குப் பெண் மட்டும்தான். ஜங்லிகாட் பக்கம் ஒரு கடையில் வேலை. மத்தியானம் சோறு தின்ன வீட்டுக்கு வருவாள். போகிறபோது ஜன்னல் பக்கம் நின்று, "அம்மம்மா, இன்னிக்கும் மருமக சமையல்தானா? பாவம் நீங்க!" என்பாள். அவள் தமிழில் தெலுங்கும் ஹிந்தியும் கலந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வரும்.

அது வெயில் காலம். குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். எந்த நேரம் வரும் என்று தெரியாது. அதனால் வீட்டுக்கார அம்மா நீல டிரம்மில் ரப்பர் டியூபைப் போட்டு, குழாயைத் திறந்தே விட்டுப் போவாள். சுற்றிலும் வாளி, குடம், தேக்சாப் பாத்திரம் எல்லாம் வாய் திறந்து நிற்கும். மூன்று வீட்டுக்கும் அதுதான்.

அன்றைக்கு எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். தெலுங்குப் பெண் வந்து தின்றுவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் வானம் இருட்டியது. ரப்பர் தோட்டத்தில் மழை இருட்டினால், பால் எடுத்த தேங்காய்ச் சிரட்டையை எல்லாம் மரத்துக்கு மரம் ஓடிக் கவிழ்த்து வைக்க வேண்டும். மழைத்தண்ணீர் நின்ற சிரட்டையில் மறுநாள் பால் விழுந்தால் கெட்டுப்போகும். கங்காணி ஏசுவார். நாற்பது வருஷம் அதைச் செய்த கை. நான் யோசிக்கவே இல்லை. முற்றத்துக்கு ஓடி, டியூபை உருவிக் கீழே போட்டு, காலியாக இருந்த டிரம்மைக் கவிழ்த்து, வாளி குடம் ஒன்று விடாமல் கவிழ்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்தேன்.

தகரத்தில் கொஞ்சம் தூறல் விழுந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தமும் கேட்டது. மழை என்று இருந்துவிட்டேன். குழாயில் வந்ததெல்லாம் சாக்கடைக்குப் போயிருக்கிறது.

மறுநாள் வீட்டுக்கார அம்மாவின் பேரனுக்கு முதல் சோறு ஊட்டுகிற விசேஷம். மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்தவள், முற்றத்தைப் பார்த்துக் கத்திவிட்டாள்.

"கிஸ்னே கியா? போலோ, கிஸ்னே கியா?" யார் செய்தது என்று கேட்டுக்கொண்டு நேராகத் தெலுங்குப் பெண்ணின் கதவைத் தட்டினாள். துணி துவைக்கத் தண்ணீர் அதிகம் எடுக்கிறாள் என்று போன வாரம்தான் இரண்டு பேருக்கும் சண்டை.

"மைனே நஹீ கியா ஆன்ட்டி!" நான் இல்லை என்று அவள் அழாத குறை.

"தோ பூத் ஆயா தா க்யா?" பேயா வந்து கவிழ்த்தது என்றாள் அந்த அம்மா.

அப்போது அந்தப் பெண், சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்ற என் பக்கம் திரும்பினாள். "அம்மம்மா, நீங்க வீட்லதானே இருந்தீங்க? நான் தின்னுட்டு அப்படியே போயிட்டேன்னு சொல்லுங்க."

"எனக்கு ஹிந்தி வராதும்மா" என்றேன்.

"தமிழ்லயே சொல்லுங்க. நான் ஹிந்தில சொல்றேன்."

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கச்சால் தோட்டத்தில் இத்தனை வருஷமாக எல்லாருக்கும் பொதுவாக இருந்தது ஹிந்திதான். 'நான்தான் செய்தேன்' என்று சொல்லுகிற அளவுக்கு எனக்கு வரும்.

மகன் வந்ததும் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "தெரியாம செஞ்சதுதானேம்மா. இப்ப போய்ச் சொன்னா நாளைக்கே காலி பண்ணுன்னு சொல்லும் அந்தம்மா. மறுபடி நான் எங்க போய் அலையிறது? சும்மா இருங்க."

"அந்தப் புள்ள பாவம்" என்று மட்டும் சொன்னாள் மருமகள்.

மறுநாள் ஆட்டோவில் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து விசேஷத்தை முடித்தார்கள். எங்களுக்குக் கிண்ணத்தில் பாயசம் வந்தது. தெலுங்கு வீட்டுக்குப் போகவில்லை. நான் அதைத் தொடவில்லை என்று எழுத ஆசைதான். சாப்பிட்டேன்.

பிறகு அந்தப் பெண் ஜன்னல் பக்கம் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் வீட்டைக் காலி செய்தார்கள். வண்டியில் கட்டிலும் பெட்டியும் ஏற்றினபோது நான் திரைக்குப் பின்னால் நின்றேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

அவள் போன பிறகு ஒரு நாள், மகனிடம் கேட்காமல், முன் வீட்டுக்குப் போய், "டிரம் மைனே உல்டா கியா", கவிழ்த்தது நான்தான் என்றேன். வீட்டுக்கார அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்தேவிட்டாள். "ஆப்?" நீங்களா என்றாள். "பஹ்லே க்யோன் நஹீ போலா?"

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டாள். நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

எங்களைப் போகச் சொல்லவில்லை. "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்றான் மகன். பக்கத்து வீட்டுக்கு அதற்குள் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

புருஷனுக்கு வேலை மாறினதால்தான் அவர்கள் போனார்கள் என்கிறான் மகன். சிப்பிகாட் பக்கம் இருப்பதாக மருமகள் கேள்விப்பட்டிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. அவர்களைத் தெரிந்த யாராவது இதைப் படித்தால், அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். நான் எழுதினதற்கும் அவள் சொல்லுவதற்கும் வித்தியாசம் இருந்தால், என்னுடையதை அடித்துவிட்டு அவள் சொல்லுவதை எழுதிக்கொள்ளுங்கள்.