மாதா தேருக்காகப் போட்ட தார்

என் அண்ணன் ஃபிரெட்ரிக் இருபத்தெட்டு வருஷமாக டிப்பர் லாரி ஓட்டுகிறார். மண், ஜல்லி அல்ல. ரோடு போடுகிற தார்க் கலவை. ஊருக்கு வெளியே இருக்கும் பிளான்ட்டில் ஆவி பறக்க ஏற்றி, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டி, சூடு இறங்குவதற்குள் வேலை நடக்கிற தெருவில் சேர்த்துவிட வேண்டும். ஆறினால் கல்லாகிவிடும். அவர் ஏற்றிய ஒரு லோடுகூட ஆறிப்போய்த் திரும்பியதில்லை. அடையாறு பக்கம் பஸ்ஸில் போனால் எனக்குக் காட்டுவார்.

"இந்த வளைவுல நம்ம லோடு பதினாலு கீது ஜொவி. குலுங்குதா பாரு."

குலுங்காது.

பூசைக்குப் போனால் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். எத்தனை சோப்பு போட்டாலும் தார் வாசனை போகவில்லை என்று அவருக்குக் கூச்சம்.

அண்ணி இறந்த பிறகு தங்கை என்னோடுதான் இருக்கிறார். சாந்தோம் பக்கம் ஒரு சந்தில், மாடி வீடு. எதிர்வீட்டுக் கீழ்தளத்தில் அப்துல் கஃபார் பாய் பஞ்சு மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் டீக்கடையில் இருவரும் பேசுவது மாடி வரை கேட்கும்.

"இன்னா ஃபிரெட்ரிக்கு, இன்னிக்கும் கரியா வந்துகிறே?"

"நீ மட்டும் இன்னா பாய், தாடி எது பஞ்சு எதுன்னே தெரியல."

"கிட்ட வராத நைனா. உன் தாரு என் பஞ்சுல ஒட்டிச்சுன்னா பிரிக்கவே முடியாது."

பாய் வாசலுக்கு நேரே சந்தின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. செப்டம்பரில் மாதா திருவிழாத் தேர் எங்கள் சந்து வழியாக வரும். தோளில்தான் தூக்கி வருவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் பள்ளத்தில் டெரிக் என்கிற பையனுக்குக் கால் பிசகி, தேர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்கு மனசு பதறியது. அதனால் போன வருஷம், சந்து முனையில் பெரிய தெருவுக்கு ரோடு போட்ட வாரத்தில், அண்ணனிடம் கேட்டேன்.

"மிச்சம் இருந்தா நம்ம சந்துல கொட்டேன்ணா."

"மிச்சத்த பிளான்ட்டுக்கு எடுத்துகினு போணும். அதான் ரூலு."

"மாதாவுக்குத்தானேண்ணா."

மறுநாள் மதியம் லாரியை ரிவர்ஸில் சந்துக்குள் கொண்டு வந்தார். பள்ளத்தில் கொட்டி, மண்வெட்டியால் பரப்பி, பின்சக்கரத்தையே ஏற்றி இறக்கி அமுக்கினார். நாளாக நாளாக அமுங்கும் என்று கொஞ்சம் மேடாகவே விட்டார். பாய் அந்த வாரம் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். பெரிய தெருவுக்குப் போட்டவர்களே இதையும் போட்டார்கள் என்று சந்தில் எல்லோரும் நினைத்தார்கள். தேர் ஆடாமல் போனது. நான் மெழுகுவத்தி ஏற்றி நன்றி சொன்னேன்.

நவம்பரில் மழை வந்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பள்ளம் வழியாகத்தான் தண்ணீர் வடிகாலுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது மேடு தடுத்தது. தண்ணீர் திரும்பி, நேரே பாய் வீட்டுக்குள் போனது. கல்யாண வீட்டுக்குத் தைத்து வைத்திருந்த பதினோரு மெத்தை ஊறிவிட்டது. நனைந்த பஞ்சு மெத்தையைத் தூக்க நாலு ஆள் வேண்டும். அண்ணனும் ஓடிப்போய்த் தூக்கினார்.

லுங்கியைப் பிழிந்துகொண்டே பாய் சொன்னார்: "கண்ண மூடிகினு ரோடு போட்டிருக்கான் பாரு அந்த கான்ட்ராக்ட்காரன்."

அண்ணன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "ஆமா பாய். அவனுங்க எப்பவும் அப்படித்தான்" என்றார்.

நான் படியில் நின்றிருந்தேன். நானும் வாய் திறக்கவில்லை. அன்று ஐம்பத்துமூன்று மணி செபமாலை உருட்டினேன். எதிர்வீட்டுக்குப் போக இருபது படி இறங்கவில்லை.

டிசம்பரில் மறுபடி தண்ணீர் புகுந்தது. பாய் வீட்டைக் காலி செய்து, கொட்டிவாக்கத்தில் மகன் சைஃப் இருக்கும் மூன்றாவது மாடிக்குப் போய்விட்டார். அங்கே மெத்தை தைக்க இடமில்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு, அண்ணன் என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போனார். பாய் பால்கனியில் ஒரு தலையணை தைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பாய் நூல் தீரும்வரை தைத்தார்.

"தண்ணி எதனால வந்துச்சுன்னு மொத மழையிலேயே தெரியுமா உனக்கு?"

"தெரியும் பாய்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு கடப்பாற போதும். கார்ப்பரேஷன் ரோடாச்சேன்னுதான் நான் கை வெக்கல. அர மணி நேர வேல. மெத்த போனா போவுது, பஞ்சு கெடைக்கும். நான் எவனையோ திட்டிகினு இருந்தேன், நீயும் கூட நின்னு திட்டினியே."

"நான்தான் பாய் போடச் சொன்னேன். தேருக்காக" என்றேன்.

"தேருக்குன்னு சொல்லியிருந்தா நானே மண்வெட்டி புடிச்சிருப்பேனேம்மா. தண்ணி எங்க போவும்னும் சொல்லியிருப்பேன்."

டீ வந்தது, குடித்தோம். அண்ணனின் கருத்த கையை அவர் கேலி செய்யவில்லை.

மறுநாள் காலை, சந்தில் ஆள் நடமாடும் நேரத்தில், அண்ணன் கடப்பாறையோடு இறங்கினார்.

"இன்னாண்ணே, நல்ல ரோட்ட ஒடைக்கிறே?"

"நான் போட்டதுதான். தப்பா போட்டுட்டேன்."

கேட்ட ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். பாய் கணக்கு சரி. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இந்தச் செப்டம்பரில் தேர் தூக்கியவர்கள் பள்ளத்தருகே நின்று, பார்த்துக் கால் வைத்துத் தாண்டினார்கள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. போன வாரம் நல்ல மழை. தண்ணீர் பழைய வழியில் வடிகாலுக்கு ஓடியது. பாய் வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அதன் வாசற்படி நனையவில்லை என்று மாடியிலிருந்து பார்த்துவிட்டு, அண்ணன் உள்ளே போனார்.