கீரைப் பாத்தியும் விதைக் குடுவையும்

கைகள் ஸ்பிரிட்டில் நனைந்து காய்ந்திருந்தன. வலது கையிலிருந்த கம்பி வளையம் தீயில் சிவந்து ஆறியது. இடது கை கண்ணாடித் தட்டின் மூடியைச் சற்றே தூக்க, வளையம் மஞ்சள் புள்ளி ஒன்றைத் தொட்டெடுத்துக் குடுவையிலிருந்த சர்க்கரைச் சாற்றில் கரைத்தது. குடுவையின் வாயைச் சுடரில் காட்டிய பிறகே பஞ்சடைப்பு திரும்ப ஏறியது.

கைகளுக்குரியவர் உச்சிமாகாளி. நாங்குநேரிக்காரர். ஒரகடம் சாலையிலுள்ள இந்த ஆலைக்குக் குடுவை கழுவ வந்து, பெரிய தொட்டியில் விதையாக ஊற்றும் பாக்டீரியாவை வளர்த்தெடுக்கும் விதை அறை வேலையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர். ஆலையில் தயாராவது கோழித் தீவனத்தில் சேர்க்கும் லைசின் என்ற சத்து. அது இல்லாமல் கோழிக்குச் சதை பிடிக்காது. கோழியின் உடம்பால் அதைச் செய்துகொள்ளவும் முடியாது. மக்காச்சோளத்தில் இருப்பது போதாது. பாக்டீரியா சர்க்கரையையும் அம்மோனியாவையும் கொண்டு அதைச் செய்யும். தன் தேவை தீர்ந்ததும் நிறுத்திக்கொள்ளும். ஆலை வளர்க்கும் இனத்துக்கு மட்டும் நிறுத்தத் தெரியாது. செய்து செய்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

இரண்டு முறை பெரிய தொட்டி செத்துப்போயிருந்தது. கூழாக இருந்த சாறு நுரைத்துப் பொங்கி, வடித்த கஞ்சிபோலத் தெளிந்துவிட்டது. பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ். இன்னொரு தொட்டி போனால் ஆலையை மூடிவிடுவார்கள் என்று மேலாளர் ராஜசேகர் எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார்.

உச்சிமாகாளி தட்டுகளில் பாக்டீரியாவைப் பரப்பி, ஆலையின் மூலைகளில் கொஞ்ச நேரம் திறந்து வைத்துப் பார்த்தார். மறுநாள் எல்லாவற்றிலும் ஒரே சீரான படலம். தொட்டிக்குக் காற்றை இழுக்கும் குழாயருகே வைத்த தட்டில் மட்டும், பூச்சி அரித்த துணிபோல ஓட்டைகள்.

குழாயின் அடியில் ஒரு கீரைப் பாத்தி இருந்தது. தொட்டி ஆபரேட்டர் எல்லப்பன் போட்டது. பக்கத்து ஊர் விவசாயக் குடும்பம். வெறும் மண்ணைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

“எல்லப்பண்ணே, பாத்திக்கு என்னத்த ஊத்துதீங்க?”

“தொட்டி கழுவுற தண்ணிதான். சும்மா கால்வாயிலதானே போவுது? சத்து கீதுபா அதுல. நீயுந்தான் ரெண்டு கட்டு வாங்கினு போன.”

“செத்த தொட்டித் தண்ணியையுமா?”

எல்லப்பன் குனிந்து பாத்தியைப் பார்த்தார்.

“மண்ணு பூரா அந்த வைரஸ்தான் இருக்கு அண்ணே. தொட்டி அதத்தான் மூச்சா இழுக்கு. ப்ளீச்சிங் பவுடரக் கரைச்சு ஊத்தி, காயாமப் பாத்துக்கிடுங்க. பிடுங்கிராதீங்க, மண்ணு காஞ்சு புழுதியாக் கிளம்பிரும்.”

“மேனேஜராண்ட சொல்லிட்டியா?”

“யார்ட்டயும் சொல்லல.”

தொட்டியை நீராவியில் வேகவைத்தார்கள். காற்று வடிகட்டியையும் மாற்றினார்கள். வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்கும். வைரஸ் அதைவிடப் பொடி, புகுந்துவிடும். ஆட்டும் மேடையில் விடிய விடியச் சுழன்ற குடுவை நன்றாகக் கலங்கியிருந்தது. காலையில் உச்சிமாகாளி ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சுத்தமான விதை.

குடுவையை வாங்கிப்போக எல்லப்பன் வந்தார். முழங்கை வரை கழுவியிருந்தார்.

“வேரோட புடுங்கிட்டேன்பா,” என்றார் மெதுவாக. “கொத்தியும் வுட்டுட்டேன். பாத்தி இருந்த அடையாளமே தெரியாது.”

“பவுடர் ஊத்துனீங்களா?”

“வெள்ளையா கண்ணுல படும்ல? மேனேஜர் கேட்டா நான் இன்னா சொல்றது?”

உச்சிமாகாளி ஜன்னல் வழியே பார்த்தார். கொத்திய மண் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. லாரி ஒன்று திரும்ப, அந்த மண்ணிலிருந்து புழுதி கிளம்பிக் குழாயின் வாயை நோக்கிச் சாய்ந்தது. தொட்டிக்குக் காற்றை இழுக்கும் கம்ப்ரஸர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

“மாகாளி, விதை ரெடியா? தொட்டி காத்துகிட்டு இருக்கு,” என்றார் வாசலுக்கு வந்த ராஜசேகர்.

எல்லப்பன் கைகளை நீட்டியபடி உச்சிமாகாளியின் முகத்தையே பார்த்தார். உச்சிமாகாளி வாயைத் திறந்தார். பிறகு, “ரெடி சார்,” என்று குடுவையை எல்லப்பனின் கைகளில் கொடுத்தார்.