புதுத்தண்ணி மீன்

2005-ஆம் வருடம், ஐப்பசி மாதக் கடைசி. மரக்காணத்தில் உப்பளமெல்லாம் மழைத்தண்ணீரில் மூழ்கிக் கிடந்த நேரம். மழைக்காலம் வந்தால் உப்பு வாருகிற எங்களுக்கெல்லாம் கட்டாய விடுமுறைதான். நானும் என் வீட்டுக்காரரும் அந்த வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். அந்த வருடம் என் நாத்தனார் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமியார் காலமாகி வெகுநாளாகிவிட்டதால், அவளுக்குத் தாய்வீடு என்றால் நான்தான். பத்திரமாகப் பெற்றெடுத்துப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும் வரைக்கும் எனக்கு நெஞ்சு திக்திக் என்றுதான் இருக்கும் என்று தெரியும். ஆனால் இப்படி ஒரு நாள் வரும் என்று நினைக்கவில்லை.

நடுவில் சில நாள் மழை விட்டிருந்தது. பிறகு ஒரு ராத்திரி கொட்டோ கொட்டென்று கொட்டியது. காலையில் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கூப்பாடு போட்டார்.

"கால்வாயில மீனு மெதக்குதுடி! புதுத்தண்ணி பட்டு மயங்கிடுச்சி. கூடைய எடுத்துகினு ஓடியா!"

எங்கள் கால்வாயில் ஓடுவது உப்புத்தண்ணீர். பெருமழை பெய்து நல்ல தண்ணீர் வேகமாக வந்து கலந்தால், உப்பில் பழகிய மீன்கள் தாங்காமல் மயங்கி மேலே வந்துவிடும். வலை வேண்டாம், தூண்டில் வேண்டாம், கையாலேயே அள்ளலாம். நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்து வருவது. அதனால் அன்றைக்கு யாருக்கும் சந்தேகமே வரவில்லை. தெருவே முழங்கால் தண்ணீரில் இறங்கி, சிரிப்பும் கூச்சலுமாக அள்ளியது. தண்ணீரில் லேசாக ஒரு நெடி அடித்தது. மழைக்கு எது எதுவோ அடித்துக்கொண்டு வரும் என்று நானும் பேசாமல் அள்ளினேன்.

கொழுத்த மடவை மீன்கள், வயிறு நிறைய சினை. நாத்தனாருக்கு மடவைச் சினை என்றால் உயிர். அடுப்படியை விட்டு நகரவே இல்லை.

"சினை மொத்தமும் எனக்குத்தான் அண்ணி. அண்ணன் கண்ணுலயே காட்டாதீங்க."

வயிற்றுப் பிள்ளைக்காரி ஆசைப்பட்டுக் கேட்கிறாள் என்று, முதலில் அவளுக்குத்தான் சோறு போட்டேன். சினை, தலை எல்லாம் அவள் தட்டுக்கே போனது. அவள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டதைப் பார்க்கவே எனக்கு வயிறு நிறைந்தது. மிச்ச மீனையும் கழுவிவிட்டுச் சாப்பிடலாம் என்று பின்பக்கம் போய்க் கூடையைக் கவிழ்த்தேன்.

மீனோடு மீனாக ரெண்டு தவளை விழுந்தன. கூடவே ஒரு தண்ணீர்ப்பாம்பு. மூன்றுமே செத்து விறைத்திருந்தன.

ச்சீ என்று தூக்கிப்போடத்தான் கை போனது. அப்படியே நின்றுவிட்டேன். நல்ல தண்ணீர் பட்டால் உப்புத்தண்ணீர் மீன் மயங்கும், சரி. தவளைக்கு என்ன வந்தது? மழைத்தண்ணீரைக் கண்டால் குதியாட்டம் போடுகிற ஜீவன் அது. அது எப்படி நல்ல தண்ணீரில் சாகும்?

உள்ளே ஓடினேன். நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது.

"அண்ணி... கண்ணு மங்கலா தெரியுது. வயித்தப் பெரட்டுது."

சொல்லி முடிக்கும் முன்பே வாந்தி. கூடையில் தவளையும் செத்துக் கிடக்கிறது என்று அலறினேன். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். ஏறும்போதே தெருவைப் பார்த்து, "யாரும் அந்த மீன சாப்புடாதீங்க!" என்று கத்தினார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை நான் அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். உள்ளே ஒரு அசைவும் இல்லை.

அங்கே இருந்த பெண் டாக்டர் டார்ச் அடித்து அவள் கண்ணைப் பார்த்தார். கருவிழி நடுவில் இருக்கும் பாப்பா கடுகு மாதிரி சுருங்கியிருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

"என்ன மருந்து? எவ்ளோ குடிச்சாங்க? மறைக்காம சொல்லுங்க."

எங்கள் பக்கம் பயிருக்கு அடிக்கிற பூச்சிக்கொல்லிக்குப் பேரே மருந்துதான். ஒரு பெண் 'மருந்து குடிச்சிட்டா' என்றால் ஒரே அர்த்தம்தான். சாகத் துணிந்துவிட்டாள் என்று அர்த்தம்.

"ஐயோ, எங்க வீட்டுல யாரும் மருந்து குடிக்கலீங்க! மீனு சாப்ட்டா, அவ்ளோதான். சத்தியமா மீனுதாங்க!"

டாக்டர் என் பேச்சுக்குக் காத்திருக்கவில்லை. ஊசியைப் போட ஆரம்பித்துவிட்டார். நர்ஸ்தான் என்னை ஓரமாக இழுத்தார். "நீ அண்ணன் பொண்டாட்டியா? புள்ளத்தாச்சிய என்னம்மா சொன்ன? வூட்ல சண்டையா? போலீசுக்குச் சொல்லணும், தெரியுமில்ல?" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பிழைப்பாளா, பிள்ளை பிழைக்குமா என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், செத்துப்போனால் நான் கொன்றவள், பிழைத்தாலும் அவள் மருந்து குடித்தவள். அவள் புருஷன் வீட்டில் அந்தப் பேச்சு ஆயுசுக்கும் போகாது.

என் வீட்டுக்காரர் ஆட்டோவிலேயே திரும்பிப் போய், செத்த தவளைகளைக் கேரி பேக்கில் போட்டுக்கொண்டு வந்தார். தெருவில் வேறு யாரும் அதற்குள் சாப்பிட்டிருக்கவில்லையாம். அவர் தனியாக வரவில்லை. கூடவே எங்களுக்கு முன்பின் பழக்கமில்லாத ஒருவர். கால்வாய்க்கு மேட்டில் குத்தகைக்கு நெல் வைத்திருப்பவராம். தெருவில் நடந்ததைக் கேள்விப்பட்டுத் தானாகவே வந்திருக்கிறார். துண்டுக்குள் சுற்றி வைத்திருந்த காலி டப்பாவை டாக்டரிடம் நீட்டினார்.

"இதாங்க நான் அடிச்சது. மழ வுட்டுடுச்சேன்னு நேத்து அடிச்சேன். ராத்திரி மழையில மொத்தமும் கால்வாயில எறங்கிடுச்சி. மருந்தடிக்கிற டேங்கையும் அங்கதாங்க கழுவுனேன். எல்லாரும் அங்கதாங்க கழுவுவோம்."

போலீஸ் என்ற பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் வந்தார். டாக்டர் டப்பாவில் இருந்ததைப் படித்தார், தவளைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரிம்மா, புரியுது" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது.

நர்ஸ் குழல் மாதிரி ஒன்றை அவள் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். நான் கும்பிடாத சாமி இல்லை.

"துடிக்குது" என்றார்.

அந்த டப்பாவோடு புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சில நாள் வைத்திருந்து, பிழைத்துவிட்டாள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் பயம் வீட்டுக்குக் கூடவே வந்துவிட்டது. உள்ளே பிள்ளை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாலும், "அண்ணி, வந்து தொட்டுப் பாருங்க" என்பாள். தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. விரல்களை எல்லாம் எண்ணிப் பார்த்த பிறகுதான் அவளிடம் கொடுத்தேன். கால்வாயில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் அந்த மாதம் வரைக்கும் வெறுங்கூடையோடுதான் திரும்பினார்கள்.

அடுத்த வருடம் அதே மேட்டில் அந்த மனிதரைப் பார்த்தேன். முதுகில் மருந்து டேங்க். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். "அடிக்கலன்னா புழு முழுசா தின்னுடுதுக்கா. நான் என்னா பண்றது?" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்த மேட்டில் விளைகிற அரிசியைத்தான் நாங்களும் வாங்கிப் பொங்குகிறோம்.

எங்கள் வீட்டில் யாரும் மருந்து குடிக்கவில்லை என்று அன்றைக்கு டாக்டரிடம் சத்தியம் செய்தேன். இன்றைக்கு யாராவது அதே கேள்வியைக் கேட்டால், தட்டு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிற என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அந்தச் சத்தியத்தைச் செய்ய எனக்கு வாய் வராது.