கம்பிக்குக் கீழே முந்திப் பூத்தவை

கல்லூரியில் தாவரவியல் நடத்திய அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'களை டீச்சர்'. ரோஜாவை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். சாக்கடையோரம் ஒரு காட்டுச்செடி தலைநீட்டினால் போதும், கைப்பையைப் போட்டுவிட்டு மண்டியிட்டு விடுவாள். கட்டிக்கொண்டதோ ஒரு லைன்மேனை. ஊருக்கு வெளியே போகும் உயரழுத்த மின்கம்பியடியில்தான் இருவரும் காலாற நடப்பார்கள். அவன் அண்ணாந்து நடப்பான், அவள் குனிந்து நடப்பாள்.

அந்த வருஷம் கம்பிக்கு நேர் கீழே இருந்த மஞ்சள் காட்டுப்பூச் செடிகள், பக்கத்துத் தோப்பில் இருந்தவற்றை முந்திக்கொண்டு பூத்துவிட்டன. கம்பியைச் சுற்றியுள்ள மின்காந்தப் புலம்தான் காரணம் என்று முடிவுகட்டிய அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"ஏங்க, உங்க கம்பி என் செடியை என்னமோ பண்ணுது!"

"அது பாட்டுக்குத் தொங்கிட்டு இருக்கு. அதுமேல ஏன் பழி போடுறே?"

"சாயங்காலம் வாங்க, காட்டுறேன்."

பொழுது சாயும் நேரம் ஒரு பழைய டியூப்லைட்டோடு போனார்கள். "தலைக்கு மேல மட்டும் தூக்கிடாதே," என்று அவன் பதறினான். நெஞ்சுயரத்தில் நிறுத்திப் பிடித்தாள். ஒயரும் இல்லை, சுவிட்சும் இல்லை. குழல் மங்கலாக மினுங்கியது!

"கேள்விப்பட்டிருக்கேன், பார்த்ததில்லையே!" அவன் வாய் பிளந்தான்.

அவள் தட்டாமாலை சுற்றினாள். தலை கிறுகிறுக்க, குழலை அவன் கையில் திணித்துவிட்டுப் பூக்களுக்கு நடுவே மல்லாந்தாள்.

"ஐயையோ, ஷாக்கா?"

"இல்லைங்க. வானம்! மரமெல்லாம் எங்கே?"

"நாங்கதான் வெட்டினோம். கிளை கம்பியில பட்டா ஊரே இருட்டாயிடுமே."

"அப்போ வெயில்! வெயிலால பூத்திருந்தா?" வயிறு குலுங்கச் சிரித்தாள். "மரத்தை வெட்டி, கம்பியும் இழுத்துட்டு, கரண்ட் மட்டும் விடாத இடம் இருக்கா?"

குன்றுப் பக்கம் இன்னும் கரண்ட் விடாத புது லைன் இருந்தது. விடிந்ததும் பைக்கில் பறந்தார்கள். அங்கேயும் தரையெல்லாம் மஞ்சள், அதே போல் முந்திக்கொண்டு.

"என் கம்பி நிரபராதி!" என்று அவன் கத்தினான்.

வேறு யாராக இருந்தாலும் முகம் தொங்கியிருக்கும். அவளோ கைதட்டிக் குதித்தாள். கரண்ட் வருமுன்பே அந்தச் செடிகளை அளந்துவைக்க வாய்ப்புக் கிடைத்துவிட்டதே! ஞாயிறுதோறும் இலை, தண்டு, மொட்டு என்று அளந்தாள். அளவுகோலைப் பிடித்துக்கொள்வது அவன் வேலை.

மறுவருஷம் கம்பியில் கரண்ட் ஓடியது. பூக்கும் காலம் இம்மியும் மாறவில்லை. கல்லூரிக் கூட்டத்தில், "நான் நினைச்சது சுத்தமா தப்பு!" என்று பரிசு வாங்கியவள் போல அறிவித்தாள். முதல்வர் சிரித்துவிட்டார். "இவ்வளவு சந்தோஷமா தோத்தவங்களை நான் பார்த்ததே இல்லம்மா."

இலைகள் மட்டும் கொஞ்சம் ஒடுங்கியிருந்தன. கரண்டாலா, அந்த வருஷ மழைக்குறைவாலா? அவள் கரண்ட் என்றாள், அவன் மழை என்றான். வீடு திரும்பும் வழியெல்லாம் பைக்கில் அதே சண்டை. சிரித்த சிரிப்பில் தங்கள் தெருவைத் தாண்டி நெடுந்தூரம் போய்விட்டார்கள்.