கறந்த சூடு

சில வருடங்களுக்கு முன், மலேசியாவில் மந்தின் என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் தோட்டம் ஒன்றில் அம்மன் கோயில் திருவிழா. என் தங்கையை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்த நேரம். நானும் சிரம்பான் டவுனை ஒட்டிய ரஹாங்கிலிருந்து போயிருந்தேன்.

அபிஷேகத்துக்கு வீட்டு ஆட்டுப்பால். சாமிக்குப் போகிற பாலைக் காய்ச்சக் கூடாது என்பது வழக்கம். இருக்கட்டும், சாமிக்கு வயிறு வலிக்காது. ஆனால் செம்பை எடுத்துக் கிளம்பும் முன், தங்கையின் மாமியார் அதே பாலை ஒரு டம்ளரில் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

“காய்ச்சிக் குடுங்களேன் அத்தை,” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “தொட்டுப் பாரும்மா, சூடாத்தான் இருக்கு. இப்பதான் கறந்தது. பாக்கெட் பால் குடிக்கிற டவுன்காரவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்லா.”

வாடை பிடிக்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டே தங்கை குடித்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் அவள் எப்படிக் குடித்தனம் செய்வது?

சில வாரங்களில் காய்ச்சல் வந்தது. விடும், திரும்ப வரும். மூட்டெல்லாம் வலி. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டிருந்தது.

இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, பச்சைப் பால் குடித்தாளா என்று மலாய்க்கார டாக்டரம்மா கேட்டார். “சூடாத்தான் குடிச்சா,” என்றார் மாமியார், அங்கேயும் விடாமல். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கறந்த சூடு ஆட்டின் உடம்புச் சூடுதான், கிருமிக்கு அது சுகமான வெதுவெதுப்பு. ஆடு பார்க்க நன்றாக இருந்தாலும் பாலில் கிருமி இருக்கலாம். அடுப்பில் பொங்கக் காய்ச்சினால்தான் அது சாகும். கடைப்பாலையும் அதற்காகத்தான் சூடேற்றி அனுப்புகிறார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெளியே வந்த மாமியார் சொன்னார்: “சாமி பால மூஞ்சிய சுளிச்சுக்கிட்டு குடிச்சா. தெய்வ குத்தம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன், சண்டை போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. தோட்டம் முழுக்க அந்தப் பேச்சுதான் நின்றது. கடைசியில் என் தங்கையும் அதையே நம்பிவிட்டாள். மறு வருடம் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு விரதமிருந்து பால்குடம் எடுத்தாள்.

பிள்ளை போன துக்கத்தைக் கூட ஒருநாள் ஆற்றிக்கொள்வேன். ஒரு பாவமும் செய்யாத என் தங்கை குற்றவாளியாகக் கைகூப்பி நின்றதை மட்டும் இன்றுவரை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.